வண்டி போய்விட்டது, பேர் மாறியதா?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். 2016-ல் வாங்கிய பெட்ரோல் வேகன்ஆர், சிங்கிள் ஓனர், 61,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு சர்வீஸைக்கூடத் தவறவிட்டதில்லை. எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்டால் அடிமாட்டு விலை சொல்கிறார்கள். புரோக்கர் இல்லாமல் நானே விற்கலாமா? சித்தூர்க்காரர் ஒருவர் கேட்கிறார். கொடுத்தால் சிக்கல் வருமா?

பதில்: தாராளமாக விற்கலாம். ஷோரூம்காரர் வாங்கி, டிங்கரிங் பார்த்து, லாபம் வைத்து விற்க வேண்டும். அதையெல்லாம் கழித்துத்தான் உங்களுக்கு விலை சொல்வார். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கான வரி, செஸ்ஸோடு 29 சதவீதமாக இருந்தது, 18 ஆகக் குறைந்துவிட்டது. புது வண்டி விலை இறங்கினால் பழையதும் இறங்கும். அதற்கு முன்பு பக்கத்து வீட்டுக்காரர் விற்ற விலையைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். ஒவ்வொரு பில்லிலும் கிலோமீட்டர் இருப்பதால், மீட்டரைத் திருப்பவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நம் ஊர் வெயிலுக்கு கதவு பீடிங்கும் வைப்பர் ரப்பரும்தான் முதலில் வெடிக்கும். சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். இன்ஜினை மட்டும் கழுவிப் பளபளப்பாக்க வேண்டாம். விவரம் தெரிந்த மெக்கானிக் கூட வந்தால், எந்த ஆயில் கசிவை மறைக்கிறார் என்றுதான் யோசிப்பார். அவர்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்தும் வைக்காதீர்கள். நான் வாங்குபவனாக இருந்தால் முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் சந்தேகம்தான். குளிர்ந்த இன்ஜின் ஒரே சாவியில் எடுத்தால் பேரம் பாதி முடிந்தது. டயரின் பக்கச் சுவரில் 3421 என்று இருந்தால் 2021-ன் 34-வது வாரத்தில் செய்தது. கேட்பவருக்கு நீங்களே காட்டிவிடுங்கள். பம்பரில் டச்-அப் செய்திருந்தால் அதையும்.

டெஸ்ட் டிரைவுக்கு லைசென்ஸைப் பார்த்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். காட்பாடி மேம்பாலத்தில் ஒரு முறை ஏற்றினால் கிளட்ச் எப்படி என்று அவருக்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது பேப்பரில்தான். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டு, மற்றதைக் காலியாக விட்டு, சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈடு அவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. வாங்குபவரின் விவரங்களை உங்கள் முன்னாலேயே நிரப்பி, பேர் மாற்ற விண்ணப்பத்தைக் கூடவே இருந்து போட்டுவிடுங்கள். வண்டியை ஒப்படைத்ததற்கு இருவரும் கையெழுத்திடும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். அன்று சாயங்காலமே ஏதாவது நடந்தால், வண்டி அப்போது உங்கள் கையில் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. கார் லோன் இருந்திருந்தால் படிவம் 35 போட்டு ஆர்.சி.யில் அடமானத்தை நீக்கியிருக்க வேண்டும்.

பணம் வங்கி வழியாகவே வரட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காததற்காகக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் 3 வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும். அப்புறம் ஃபாஸ்டேக்கை மூடுங்கள். இல்லாவிட்டால் அவர் பள்ளிகொண்டா டோலைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் கணக்கில் பணம் போகும்.

சரி, சித்தூர்க்காரர். தூரம் பக்கம்தான், ஆனால் வேறு மாநிலம். படிவம் 28 போட்டு ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், அபராதம் பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். அங்கே அவர் மறுபடி சாலை வரி கட்ட வேண்டும் என்பதால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஆள் கிடைத்தால் நான் அவருக்கே கொடுப்பேன், ஐந்தாயிரம் குறைந்தாலும்.