லீவே போடாத ஷார்ட்ஸ்டாப்

கே: பேஸ்பால்ல கால் ரிப்கென் ஜூனியர்னு ஒருத்தர் ஒரு மேட்ச்கூட விடாம ஆடினாராமே, நிஜமாவா?

ப: நிஜம்தாங்க. 1982 மே மாசத்துல இருந்து 1998 செப்டம்பர் வரைக்கும் பால்டிமோர் ஓரியோல்ஸ் டீமுக்காகத் தொடர்ந்து 2,632 மேட்ச், அதுவும் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப்ல, அதாவது ரெண்டாவது மூணாவது பேஸுக்கு (ரன் எடுக்க ஓடுறவர் தொட வேண்டிய எடம்) நடுவுல நின்னு சீறி வர்ற பந்தைப் பிடிச்ச கையோட ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியணும், உடம்பை உருக்குற எடம். பழைய நட்சத்திரம் லூ கெரிக்கோட 2,130 தொடர் மேட்ச் சாதனையை 1995 செப்டம்பர் 6ல தாண்டினப்ப ஆட்டத்தையே 22 நிமிஷம் நிறுத்திட்டாங்க, டீம் ஆளுங்க புடிச்சுத் தள்ளிவிட, மைதானத்தைச் சுத்தி ஓடி ரசிகர்களுக்குக் கைகொடுத்தார் பாருங்க, அப்பப்பா! எனக்கு இன்னும் புடிச்சது 1987 சீசன், அப்பா அதே டீமுக்கு மேனேஜர், அதாவது தலைமைக் கோச், தம்பி பில்லி பக்கத்துலயே செகண்ட் பேஸ்ல ஆட்டக்காரர். எந்தக் குடும்பத்துக்குங்க அது வாய்க்கும்?