சிஸ்டரிடம் கேளுங்கள்: உகாண்டாவில் ஒரு கணக்கு டீச்சர்

(எலத்தகிரியில் பிறந்தவர், வட உகாண்டாவில் ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளியில் நீண்ட காலம் கணக்குப் பாடம் நடத்தியவர். இப்போது கிருஷ்ணகிரியில் உள்ள மடத்தில் இருக்கிறார். இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

அங்கே என்ன சாப்பிட்டீர்கள் சிஸ்டர்? சோறு கிடைக்குமா?
பதினோராம் வகுப்பு மாணவர், காரிமங்கலம்

தம்பி, உங்கள் வீட்டில் கிண்டும் அதே ராகிக் களிதான். ராகி பிறந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்துதான் நம் பக்கம் வந்து சேர்ந்தது. நான் இருந்தது லாங்கோ மக்கள் வாழும் பகுதி. அங்கே மரவள்ளி மாவையும் கொஞ்சம் கலந்து, கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, மரத்துடுப்பால் கிண்டுவார்கள். பெண்கள் இரண்டு காலாலும் பானையை அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்டுவதைப் பார்த்தால் நம் பாட்டிமார் நினைவு வரும். தொட்டுக்கொள்ள மலாக்வாங் என்று ஒரு கீரை. நம் புளிச்சகீரைக்கு நெருங்கிய சொந்தம், புளிப்பும் அதே மாதிரி. அதை வேகவைத்து, வறுத்து அரைத்த வேர்க்கடலையோ எள்ளோ சேர்த்து மத்தால் மசித்துக் கொடுப்பார்கள். அந்த ருசிக்காகவே இன்னொரு முறை போய்வரலாம்.

பள்ளி விடுதியில் அந்த வசதி கிடையாது. மதியமும் இரவும் போஷோ, அதாவது வெள்ளை மக்காச்சோள மாவுக் களி. கூடவே வேகவைத்த பீன்ஸ். அரிசிச் சோறு விசேஷ நாட்களில்தான்.

கேட்கிறேனே என்று தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் அங்கே போனது பாடம் நடத்தவா, மதம் மாற்றவா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊத்தங்கரை

ஐயா, நேராகக் கேட்டதற்கு நன்றி. 2014 மக்கள்தொகைக் கணக்குப்படி உகாண்டாவில் நூறு பேருக்கு 39 பேர் கத்தோலிக்கர், 32 பேர் ஆங்கிலிக்கன் சபையார், 11 பேர் பெந்தெகொஸ்தே, 14 பேர் இஸ்லாமியர். ஆங்கிலிக்கன் மிஷனரிகள் 1877-லும் கத்தோலிக்கக் குருக்கள் 1879-லும் அங்கே கால் வைத்தார்கள். அதற்குப் பிறகு பத்து வருடம்கூட ஆகவில்லை, அரசன் முவாங்காவின் ஆணைப்படி இளைஞர்கள் விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தார்கள். அவர்களில் பலர் 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் உயிரோடு எரிக்கப்பட்டவர்கள். நம் ஆட்கள் வேளாங்கண்ணிக்கு நடப்பதுபோல ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளுக்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் நமுகோங்கோவுக்கு நடந்தே போகிறார்கள். அந்த மக்களுக்கு விசுவாசத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க எலத்தகிரியிலிருந்து ஒருத்தி போக வேண்டியதில்லை. செபத்தில் அவர்களிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

அங்கே எனக்கு வேலை கணக்குப் பாடம். எங்கள் வகுப்பில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். ரம்ஜான் மாதத்தில் அவர்கள் பங்கு உணவை நோன்பு திறக்கும் நேரத்துக்கு எடுத்து வைக்கச் சொல்லி சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அதே சமயம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை: இயேசுவின் மேல் உள்ள அன்பு இல்லையென்றால் நான் அத்தனை தூரம் போயிருக்கவும் மாட்டேன், போன இடத்தில் தங்கியிருக்கவும் மாட்டேன்.

என் மகள் மடத்தில் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகப் போக வேண்டும் என்கிறாள். சண்டை, மலேரியா என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஆபத்து ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.
ஒரு தாய், பாலக்கோடு

அம்மா, ஆபத்து இல்லை என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. மலேரியா எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. மருந்து தோய்த்த கொசுவலைக்குள் தூங்க வேண்டும். காய்ச்சல் கண்ட அன்றே ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரையைத் தொடங்கி, முழுவதையும் சாப்பிட்டு முடிக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சண்டையைப் பற்றிக் கேட்டீர்கள். நான் போவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், 1996 அக்டோபர் 10 அதிகாலையில், அதே லாங்கோ பகுதியில் உள்ள அபோகே என்ற ஊரின் பெண்கள் பள்ளிக்குள் எல்.ஆர்.ஏ. என்ற கிளர்ச்சிப் படை புகுந்து 139 மாணவிகளைக் கடத்திக்கொண்டு போனது. துணைத் தலைமையாசிரியையாக இருந்த இத்தாலியச் சகோதரி ரகேலே ஃபசேரா, ஒரே ஒரு ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, காட்டு வழியில் படையின் பின்னாலேயே போனார். தளபதியிடம் கெஞ்சினார். 109 பிள்ளைகளை விட்டார்கள், 30 பேரை விடவில்லை. மீட்டவர்களைக் கூட்டிக்கொண்டு, அந்த 30 பேரை அங்கேயே விட்டுவிட்டு அவர் நடந்து வந்திருக்கிறார். ஒரு டீச்சராக எனக்கு அதற்குமேல் யோசிக்க முடிவதில்லை. அந்த 30 பேரில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் கழித்துத் தப்பி வந்தார்கள். சிலர் உயிரோடு வரவில்லை. மிஷனரி என்ற சொல்லுக்கு என் மனசில் இருக்கும் முகம் அவருடையதுதான்.

2006-க்குப் பிறகு அந்தப் படை வட உகாண்டாவை விட்டுப் போய்விட்டது. நான் போகும்போது, சண்டையால் ஊரைவிட்டு வந்த மக்கள் தங்கியிருந்த முகாம்கள் காலியாகிக்கொண்டிருந்தன. சண்டை உச்சத்தில் இருந்தபோது பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். என் வகுப்பில் பல பிள்ளைகள் முகாமில் பிறந்தவர்கள். பின் வரிசையில் கதவோரமாகத்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்த ஒரு பெண்ணை நான் இடம் மாற்றவே இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மடத்தில் சேர்ந்ததும் யாரையும் விமானம் ஏற்றிவிட மாட்டார்கள். பயிற்சி, முதல் வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி), படிப்பு, இங்கேயே சில ஆண்டுப் பணி என்று காலம் ஓடும். உங்கள் மகள் மனம் மாற நினைத்தால் மாறுவதற்கும் போதிய நேரம் இருக்கும். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஊருக்கு விடுமுறை. அண்ணன் பிள்ளைகள் கல்யாணம், காதுகுத்து எல்லாம் போட்டோவில்தான். எங்கள் அப்பா இறந்த செய்தி வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. அன்று மாலை மாணவிகள் என் அறை வாசலுக்கு வந்து, யாரும் சொல்லாமலே, அவர்கள் ஊர் வழக்கப்படி தரையில் என்னோடு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் மகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமென்றால் இந்தப் பிரிவை அவளால் தாங்க முடியுமா என்று கவலைப்படுங்கள். அதைப் பற்றி அவளோடு மனம்விட்டுப் பேசுங்கள்.

கொரோனா காலத்தில் உகாண்டாவில் பள்ளிகள் இரண்டு ஆண்டு மூடியிருந்தன என்று படித்தேன். டீச்சர்கள் என்ன செய்தீர்கள்? பிள்ளைகள் திரும்பி வந்தார்களா?
அரசுப் பள்ளி ஆசிரியை, அரூர்

டீச்சர், உங்கள் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் மூடினார்கள். அக்டோபரில் பொதுத் தேர்வு எழுதும் வகுப்புகளுக்கு மட்டும் திறந்து, மற்ற வகுப்புகளைப் படிப்படியாக வரவழைத்தார்கள். 2021 ஜூனில் மறுபடியும் மூடல். எல்லா வகுப்புகளும் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரி 10 அன்றுதான். உலகத்திலேயே மிக நீண்ட பள்ளி மூடல்களில் அதுவும் ஒன்று.

ஆன்லைன் வகுப்பு என்ற பேச்சே அங்கே இல்லை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் கரண்டே கிடையாது. ரேடியோவில் பாடம் வந்தது, ஆனால் ரேடியோவுக்கு பேட்டரி வாங்கக் காசு வேண்டுமே. நானும் அறிவியல் டீச்சரும் கையால் எழுதிய பயிற்சித் தாள்களை டவுனில் ஜெராக்ஸ் எடுத்தோம். ஊரடங்கில் மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் ஆட்களை ஏற்றக்கூடாது, சாமான் மட்டும் ஏற்றலாம் என்று உத்தரவு. அதனால் மாவு மூட்டையோடு தாள் கட்டையும் கொடுத்தனுப்பினோம். சில கட்டுகள் போய்ச் சேர்ந்தன. சிலவற்றைப் பற்றித் தகவலே இல்லை.

திறந்த அன்று தகரப் பெட்டியும் மெத்தையும் தண்ணீர்க் கேனும் தலையில் சுமந்துகொண்டு பிள்ளைகள் வந்தார்கள். அங்கே எல்லா மாணவிகளும் முடியை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வீட்டில் இருந்த காலத்தில் பின்னல் போட்டு வளர்த்த முடியை வாசலிலேயே ஒருத்திக்கு ஒருத்தி கத்தரித்துக்கொண்டார்கள். வராதவர்களின் பெயரை வருகைப் பதிவேட்டில் அடிக்க எனக்குக் கை வரவில்லை. பலருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, சிலர் கல் உடைக்கப் போயிருந்தார்கள், சிலர் கையில் குழந்தை.

முதல் வாரம் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன், பின்னமும் காரணிப்படுத்தலும். ஒரு பெண் ஒன்றும் எழுதாமல் தாளை நீட்டினாள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் நிறைய எண்கள். ரோட்டோரம் வறுத்த வேர்க்கடலை விற்றிருக்கிறாள். ஒரு மூட்டை என்ன விலை, எத்தனை டம்ளர் தேறும், அடுப்புக்கரிக்கு எவ்வளவு, கடனுக்குக் கொடுத்தது எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. ஒரு கூட்டல்கூடத் தப்பில்லை. மறுநாள் அந்தப் பக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, டம்ளரின் விலைக்கு x என்று வைத்து அங்கிருந்தே சமன்பாட்டைத் தொடங்கினேன். பாதி வகுப்பு எதையாவது விற்றவர்கள்தான், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது அரசு. சில மிஷன் பள்ளிகள் தயங்கின. மற்ற பிள்ளைகளுக்குத் தவறான முன்மாதிரி ஆகிவிடும் என்ற பேச்சு எங்கள் ஆசிரியர் அறையிலும் வந்தது. எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. பதினாறு வயதில் தாயானவளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே நற்செய்தி வாசிப்பது எப்படி? குழந்தையைப் பாட்டியிடமோ சித்தியிடமோ விட்டுவிட்டு வந்தவர்கள் எங்களிடம் படித்தார்கள். பாடவேளை நடுவில் பால் கட்டிக்கொண்டு வலியில் முகம் சுருங்கும். பக்கத்தில் இருப்பவள் எழுந்து கூட்டிக்கொண்டு போவாள், நான் பாட்டுக்குப் பாடத்தைத் தொடர்வேன்.

நம் ஊர்க்காரர்கள் யாரும் ஐயோ பாவம் ஆப்பிரிக்கா என்று சொல்வதை என்னால் கேட்க முடியவில்லை. பெண் சிசுக்களைக் காக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. பத்தாவது முடித்ததும் முறைமாமனுக்குக் கட்டிவைக்கும் கல்யாணங்கள் அஞ்செட்டிப் பக்கம் இன்னும் நடக்கின்றன. உங்கள் வகுப்பிலும் லீவு முடிந்து திரும்பாத பிள்ளை இருந்திருப்பாள் டீச்சர். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், வீட்டுக்கும் போங்கள். டீச்சர் வீடு தேடி வந்துவிட்டார் என்றால் அங்கேயும் சரி இங்கேயும் சரி, அப்பாக்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

பி.எஸ்சி. பி.எட். முடித்திருக்கிறேன். துறவியாக விருப்பமில்லை, ஆனால் மிஷன் பள்ளியில் வெளிநாட்டில் சில ஆண்டுகள் பணிசெய்ய ஆசை. எப்படிப் போவது?
வாசகி, பர்கூர்

மகளே, துறவிகள் அல்லாதவர்களையும் சில சபைகள் தன்னார்வலராக எடுத்துக்கொள்கின்றன. உன் பங்குத்தந்தை வழியாக மறைமாவட்ட அலுவலகத்தில் விசாரி. எந்த நாட்டில் எந்தச் சபையின் பள்ளி, தங்குமிடம் யார் பொறுப்பு, நோய் வந்தால் செலவு யாருடையது, எத்தனை ஆண்டு, இவை எழுத்தில் வரும்வரை பாஸ்போர்ட்டைக் கையை விட்டுக் கொடுக்காதே. முன்பணம் கேட்கும் ஏஜென்ட் பக்கமே போகாதே. வேலை அனுமதி வாங்காமல் சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

உகாண்டா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டு மஞ்சள் அட்டையை வாங்கிவிடு. ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அந்த அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

அங்கே மேல்நிலைப் பள்ளி ஆறு ஆண்டு. நாலாவது முடிவில் ஒரு பொதுத் தேர்வு, ஆறாவது முடிவில் இன்னொன்று. பாடம் ஆங்கிலத்தில். கணக்கு, இயற்பியல் டீச்சர் என்றால் எந்தப் பள்ளியும் வரவேற்கும். ஆனால் பிள்ளைகள் அழுவதும் சிரிப்பதும் அவர்கள் மொழியில். முதல் ஆறு மாதம் சாயந்திரங்களில் சமையல்கட்டில் போய் உட்கார்ந்து அந்த மொழியைக் கற்றுக்கொள். ஒரே ஆண்டில் திரும்புவதாக இருந்தால் போகாதே என்பேன். முதல் ஆண்டில் நாம் அவர்களுக்குப் பாரம், இரண்டாம் ஆண்டிலிருந்துதான் உபயோகம். அதற்கு முன் தேன்கனிக்கோட்டை மலைப் பக்கம் ஏதாவது விடுதிப் பள்ளியில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுது.

பழைய துணிகள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். உகாண்டா பிள்ளைகளுக்கு அனுப்ப வழி உண்டா?
இல்லத்தரசி, ஓசூர்

அனுப்ப வேண்டாம் அம்மா. உலகத்தின் பழைய துணியெல்லாம் அங்கே சந்தையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கப்பல் கூலிதான் வீணாகும். உதவ மனமிருந்தால் உங்கள் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். பஸ் வசதி இல்லாமலோ விடுதியில் இடம் கிடைக்காமலோ ஒன்பதாவதோடு நிற்கப்போகும் பெண் யார் என்று கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.