வீட்டைக் கேளுங்கள்: கையில் 20,000 வெள்ளி, கொட்டேஷனில் 38,500

கேள்வி: புதிய நாலறை பிடிஓ (பதிவு செய்தபின் கட்டித் தரும்) வீட்டுக்குச் சாவி வாங்கிவிட்டோம். கையில் இருப்பது 20,000 வெள்ளி. குத்தகையாளர் கொடுத்த கொட்டேஷன் 38,500: பொய்க்கூரை 4,800, டிவி சுவர் 3,600, மூன்று படுக்கையறைக்கும் அலமாரி 8,400, மேடைக் கட்டில் 3,200, சமையலறைக் கேபினெட் 9,000, மின்வேலை 3,500, ஏசி 4,500, பெயின்ட் 1,500. தரையும் கதவும் வீவகவிடமே (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) எடுத்துவிட்டோம். மீதிக்குக் கடன் வாங்கலாமா?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: வேண்டாம். பட்டியலில் முதல் நான்கையும் அடித்துவிடுங்கள். சரியாக 20,000 குறைந்து 18,500 நிற்கும். மிச்சம் 1,500ல் வாட்டர் ஹீட்டரையும் ஃபேன்களையும் பாருங்கள். புதுப்பிப்புக் கடனுக்கு உச்சவரம்பு 30,000 வெள்ளி அல்லது ஆறு மாத வருமானம், இரண்டில் எது குறைவோ அது. மசேநிதியை (மத்திய சேம நிதி) இதற்குத் தொட முடியாது. அந்தக் கடனை டிவி சுவருக்காக அடைத்துக்கொண்டிருப்பது வீண்.

அலமாரியும் கட்டிலும் குடியேறிய பிறகு ஒவ்வொன்றாக வரலாம். கடையில் ஆயத்தமாகவும் கிடைக்கும். பொய்க்கூரை மட்டும் பிறகு போட்டால் வீடெல்லாம் புழுதி என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கூரையே ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரம்தான். பொய்க்கூரைக்குக் கீழே 2.4 மீட்டராவது இருக்க வேண்டும். அதிலிருந்து ஃபேனும் தொங்கினால் அறை குறுகித் தெரியும். ஃபேன் இறக்கைக்கு நேர் மேலே டவுன்லைட் வைத்துவிட்டால் இரவெல்லாம் வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும். எப்படியும் போடுவதென்றால், ஃபேன் கொக்கி கான்கிரீட் கூரையில் இறங்கியிருக்கிறதா என்று பலகை மூடுவதற்கு முன் கண்ணால் பாருங்கள்.

மின்வேலையில் கை வைக்காதீர்கள். காலையில் மிக்சி, கிரைண்டர், ரைஸ் குக்கர், கெட்டில் நான்கும் ஓடும் வீட்டுக்குச் சமையல் மேடை மேல் இரட்டை சாக்கெட் மூன்றாவது வேண்டும். எந்தப் பொருள் எங்கே உட்காரும் என்று முடிவான பிறகே கேபினெட் வரைபடத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள். தூணிலும் உத்திரத்திலும் குடைந்து ஒயர் புதைக்க முடியாது. அங்கே பிவிசி உறைதான்.

அந்த 9,000 வெள்ளிக் கேபினெட்டைத்தான் துருவிப் பார்க்க வேண்டும். ஓர் அடி நீளத்துக்கு இவ்வளவு என்று 'ஃபுட் ரன்' கணக்கில் விலை போடுவார்கள். 'எல்' வடிவ மேடையில் மூலை இரண்டு பக்கத்துக்கும் பொது. கேபினெட்டின் ஆழம் 600 மில்லிமீட்டர், அதாவது 2 அடி. அந்த 2 அடி இரண்டு சுவரின் நீளத்திலும் சேர்ந்து இருமுறை விலை போட்டிருக்கிறதா என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். மேல், கீழ் கேபினெட்டுகளுக்குத் தனித்தனியாகக் கணக்கு என்பதால் மேலேயும் அதே மூலையைப் பாருங்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழ் வரும் பெட்டி பிளைவுட்டில் இருக்கட்டும். சிப்போர்டு என்றால் குழாய் ஒருமுறை கசிந்தாலே உப்பிவிடும். முதலில் உப்புவது குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் ஓரம். லேமினேட் ஒட்டாத இடம் அதுதான். அந்த ஓரத்துக்கு சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். குவார்ட்ஸ் மேடை என்றால் தாளித்த சட்டியை அப்படியே வைக்காதீர்கள். கல்தூளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் சூட்டில் நிறம் மாறும், சில சமயம் விரிசலும் விடும். அடுப்புக்காக வெட்டும் துளையின் மூலைகளையும் வளைவாக வெட்டச் சொல்லுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும்.

வேலையாள் உள்ளே வருவதற்கு முன் ஒன்று: டைல்ஸை நாணயத்தால் தட்டி, அடியில் வெற்றிடம் என்று காட்டும் 'டொக்' சத்தம் கேட்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். குளியலறையில் ஒரு வாளி ஊற்றி நீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். சாவி வாங்கியதிலிருந்து ஓராண்டுக்குக் குறைபாடுகளை வீவக சரிசெய்து தரும். ஆனால் வேலை ஆரம்பித்தபின் அது பழைய குறையா, உங்கள் ஆள் செய்ததா என்ற வாக்குவாதம் வரும். புளோக் கட்டி முடிந்து 3 ஆண்டு ஆகும்வரை குளியலறை டைல்ஸை உடைக்கவும் அனுமதி இல்லை. நிறம் பிடிக்கவில்லை என்றால் அதன் மேலேயே ஒட்டலாம்.

கேள்வி: 1990ல் கட்டிய மூவறை மறுவிற்பனை வீடு. பட்ஜெட் 35,000. குளியலறைக் கூரையில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. டைல்ஸ், ஒயர், சமையலறை எல்லாம் மாற்ற ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
— வாசகர், ஈசூன்

பதில்: ஒரு விசாரிப்பிலிருந்து. இல்ல மேம்பாட்டுத் திட்டம் உங்கள் புளோக்குக்கு வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று வீவகவிடம் கேளுங்கள். முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்கு இருந்த திட்டம், 2018ல் 1997 வரை கட்டியவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டது. பெயர்ந்த கான்கிரீட்டைச் சரிசெய்வதும் மின்சுமையை உயர்த்துவதும் அதில் கட்டாய வேலைகள். குடிமக்களுக்குச் செலவே இல்லை. குளியலறைப் புதுப்பிப்பு விருப்பத் தேர்வு. மூவறை வீட்டுக் குடிமகன் கட்டுவது 5 விழுக்காடு. அடுத்த ஆண்டு அது வரவிருக்க, இந்த ஆண்டு சொந்தக் காசில் டைல்ஸ் ஒட்டுவது வயிற்றெரிச்சல்.

இப்போதைக்கு வராது என்றால் கூரையை முதலில் கவனியுங்கள், காத்திருக்காதீர்கள். ஈரமும் காற்றும் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதுதான் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. ஆகவே மேலே சிமென்ட் பூசி வெள்ளையடிப்பவரை அனுப்பிவிடுங்கள். தளர்ந்ததையெல்லாம் தட்டி எடுத்து, கம்பியை இரும்பு பிரஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சும் பிணைப்புப் பூச்சும் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். மேல்வீட்டுக் கசிவும் இருந்தால் அதை நிறுத்திய பிறகே இந்த வேலை. கூரைக் கசிவுக்கு மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்தே பொறுப்பு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் பாதிச் செலவை வீவக ஏற்கும்.

1994க்கு முன் கட்டிய வீடுகளில் மெயின் சுவிட்ச் பெரும்பாலும் 30 ஆம்பியர். மூன்று ஏசி, ஹீட்டர் எல்லாம் அதில் தாங்காது. 40க்கு உயர்த்த முடியுமா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கேட்டபின் ஏசி வாங்குங்கள்.

குளியலறையை உடைத்தால் பழைய நீர்த்தடுப்பும் சேர்ந்து போய்விடும். புதிதாக இரண்டு கோட், ஒன்று காய்ந்த பிறகு மற்றது. சுவரில் குறைந்தது 150 மில்லிமீட்டர் ஏற வேண்டும். குளிக்கும் பக்கம் ஆள் உயரத்துக்கு. கசிவு வருவது நடுத்தரையில் அல்ல. மூலைகளிலும், குழாய் தரையைத் துளைக்கும் இடங்களிலும்தான். அங்கே வலைத்துணி வைத்துப் பூசியிருக்கிறதா பாருங்கள். பிறகு துவாரத்தை அடைத்து 24 மணி நேரம் நீர் தேக்கி, கீழ்வீட்டாரிடம் கேளுங்கள். அதற்குள் டைல்ஸ் ஒட்ட அவசரப்படும் ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஒயர், குழாய், குளியலறை மூன்றும் பட்ஜெட்டில் பாதியைத் தின்னும். தின்னட்டும். சமையலறைக்குக் கீழ்க் கேபினெட் மட்டும் இப்போது போதும்.

கேள்வி: பழைய டைல்ஸ் மேல் வினைல் போடலாமா? — வாசகி, செங்காங்

பதில்: போடலாம். தரைப்பூச்சும் கலவையும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது வீவக விதி. வினைலால் அந்தச் சிக்கல் வராது. சிக்கல் கதவுகளில். மரக்கதவை அடியில் சீவிவிடலாம். 'பாம் ஷெல்டர்' (வீட்டுக்குள் இருக்கும் வெடிகுண்டுப் புகலிட அறை) இரும்புக் கதவைச் சீவ முடியாது, கூடாது. அதன் அடியில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று அளந்து, பலகையும் அடிவிரிப்பும் சேர்ந்த தடிமனோடு ஒப்பிட்டபின் முன்பணம் கொடுங்கள். சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடாவிட்டால் பலகை விரிந்து நடுவில் கூடாரம் போட்டுவிடும்.

கேள்வி: சமையலறைச் சுவரை எடுத்துவிட்டால் கூடம் பெரிதாகும் என்கிறார் வடிவமைப்பாளர். — வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: ஆகும். கூடவே கடுகு தாளிக்கும் வாசனையும் சோபாவில் ஏறும். தினம் குழம்பு கொதிக்கும் வீடு என்றால் பாதிச் சுவரை எடுத்து மேலே கண்ணாடி போடுங்கள். எதுவானாலும் வீவக அனுமதி முதலில். தாங்குசுவர் என்றால் பேச்சே இல்லை.

கேள்வி: சனிக்கிழமை டைல்ஸ் உடைக்கலாமா? — வாசகர், பிடோக்

பதில்: கூடாது. சத்தம் வரும் வேலை வாரநாளில் 9 முதல் 5 வரை மட்டும். பெயின்ட் போன்ற மற்றவை சனிக்கிழமையும் 6 மணிவரை நடக்கலாம். ஞாயிறும் பொது விடுமுறையும் எதுவும் இல்லை.