கைக்கு அடங்கும் போன்

ஐயா, வணக்கம்.

2022 தொடக்கத்தில் வாங்கிய ஐபோன் 13 மினி வைத்திருக்கிறேன். 128 ஜிபி. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. சில நாள் 20 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே, கேமராவைத் திறந்தால் பொசுக்கென்று அணைந்துபோகிறது. பேட்டரி ஹெல்த்தில் 77 சதவீதம், 'சர்வீஸ்' என்று வருகிறது. கடையில் கேட்டால், "நாலு வருஷத்துப் போன் மேடம், எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க" என்கிறார்கள். அங்கே காட்டியதெல்லாம் என் கைக்குப் பெரிது. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போன் பார்க்கிறவள் நான். கண்ணாடி போட்டுப் படிக்கிற வயதில் 6.7 இஞ்ச்தான் சரி என்பது என் மகன் கட்சி. மாற்றத்தான் வேண்டுமா? மாற்றினால் சின்னதாக என்ன கிடைக்கும்? இல்லையென்றால், செகண்ட் ஹேண்டில் இன்னொரு 13 மினி வாங்கிப் பீரோவில் வைத்துவிடலாமா?

மாலதி, திருச்சி

அன்புள்ள மாலதி,

போனை மாற்ற வேண்டாம். பேட்டரியை மாற்றுங்கள். நீங்கள் எழுதியிருக்கிற இரண்டு கோளாறும் அந்த ஒரு பொருளிலிருந்து வருகிறவை.

20 சதவீதத்தில் அணைந்துபோவதைப் பார்ப்போம். லித்தியம் பேட்டரிக்கு வயதாகும்போது கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, உள்ளே மின்தடையும் ஏறுகிறது. கேமராவைத் திறந்ததும் ப்ராசசர், சென்சார், திரை எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் அதிக மின்சாரம் கேட்கின்றன. தடை ஏறிய பேட்டரியில் அந்த நொடி வோல்டேஜ் சரிகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சார்ஜ் மிச்சம் இருப்பது உண்மைதான், அதை வேகமாக வெளியே எடுக்க முடியவில்லை. இப்படி ஒருமுறை அணைந்தபின் ஐபோன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. செட்டிங்ஸில் பேட்டரி, அதற்குள் பேட்டரி ஹெல்த் போய்ப் பாருங்கள், அதைப் பற்றி ஒரு வரி இருக்கும். 'போன் ஸ்லோவாகிவிட்டது, மாற்றணும்' என்று பலர் சொல்வதில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் கணிப்பு.

சின்னப் போனில் இது ஏன் சீக்கிரம் வருகிறது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஐபோன் 14 வரைக்குமான மாடல்களில், 500 முழுச் சுற்று ஓடிய பிறகும் 80 சதவீதம் தாங்கும்படி பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. 15-இலிருந்து அது 1,000 சுற்று. ஒரு சுற்று என்பது ஒரு தடவை சார்ஜரில் செருகுவது அல்ல, மொத்தமாக 100 சதவீதம் செலவழிப்பது. உங்கள் மினியின் பேட்டரி கொள்ளளவு 2,400 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) சொச்சம். ஒரு நாளைக்கு 3,000 எம்ஏஎச் செலவழிக்கிறவருக்கு ஒன்றேகால் சுற்று ஆகிறது. 500 சுற்று 400 நாளில் முடிந்துவிடும். அதே செலவு 5,000 எம்ஏஎச் பேட்டரியில் நாளைக்கு அரைச் சுற்றுக்குச் சற்று அதிகம், 800 நாளுக்கு மேல் வரும். சின்னத் திரை கொஞ்சம் குறைவாகத்தான் தின்னும், ஆனாலும் இந்த வித்தியாசத்தை அது ஈடுகட்டுவதில்லை. ஆக, நாலு வருஷத்துக்குப் பிறகு 77 சதவீதம் என்றால் நீங்கள் போனை நன்றாகவே வைத்திருக்கிறீர்கள்.

இதில் வெயிலுக்கும் பங்கு உண்டு. 0 முதல் 35 டிகிரி வரைக்குள் பயன்படுத்தச் சொல்கிறார்கள். அதற்கு மேல் சூடானால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். திருச்சியில் சித்திரை மாதத்தில் எங்கே போவது? காரில் டேஷ்போர்டில் வைப்பது, தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது, கனமான கவரோடு வயர்லெஸ் சார்ஜரில் கிடத்துவது, இந்த மூன்றையும் விட்டாலே போதும். 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதி ஐபோன் 15-இலிருந்துதான் வந்தது. உங்களுடையதில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' மட்டும் இருக்கும், அதை அணைக்காதீர்கள். வீட்டுக்குள் 5ஜி சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று தள்ளாடினால், மொபைல் டேட்டா ஆப்ஷன்ஸில் எல்டிஇ-க்கு (அதாவது 4ஜி-க்கு) மாற்றிவிடுங்கள். பலவீனமான சிக்னலைத் துரத்துகிற போன் சும்மா கிடக்கும்போதே சூடாகும்.

இனி மாற்றுகிற வேலை. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புதுப் போன் விலையோடு பார்த்தால் சின்னத் தொகைதான். போகுமுன் பேக்கப் எடுங்கள். ஐகிளவுடில் இலவசமாகக் கிடைக்கிற 5 ஜிபி போட்டோவுக்கே பத்தாது, அதனால் கம்ப்யூட்டரில் எடுப்பது நல்லது. எடுக்கும்போது 'என்க்ரிப்ட்' என்ற கட்டத்தை டிக் செய்யாவிட்டால் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகள் பேக்கப்பில் வராது. பலர் சறுக்குகிற இடம் இது.

அடியில் சார்ஜ் துளைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற திருகுகளைக் கழற்றி, ஓரத்தைச் சூடுகாட்டி, பசையை இளக்கித் திரையைத் தூக்குவார்கள். பேட்டரி அடியில் பசை நாடா இருக்கிறது. பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே முழுசாக வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் பாதியில் அறும். அறுந்த பிறகு இரும்புத் தகடு விட்டு நெம்புகிற கடைக்காரர்கள் உண்டு. பேட்டரியில் ஓட்டை விழுந்தால் புகைந்து தீப்பிடிக்கும். அதனால்தான் தெருமுனைக் கடையில் அரைமணி நேரத்தில் முடித்துத்தருகிறேன் என்பதற்கு நான் தலையாட்டுவதில்லை.

வாங்கும்போது கவுண்டரிலேயே நின்று பாருங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போனால் 'பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி' இருக்கும். பேட்டரிக்கு நேரே 'அன்நோன் பார்ட்' என்று வந்தால் அசல் இல்லை, அல்லது முறையாகப் பொருத்தவில்லை. முகம் காட்டித் திறந்து பாருங்கள், ஒரு கால் செய்து காதில் வைத்துக் கேளுங்கள், திரையின் ஓரத்தை நகத்தால் தடவி எங்காவது தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை திறந்த போனில் பழைய தண்ணீர்த் தாங்கும் சக்தியை நம்பக்கூடாது, மழையில் பையைத் திறக்க வேண்டாம்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? பாதுகாப்பு அப்டேட் நிற்கும்போது. வங்கி, யுபிஐ எல்லாம் போனுக்குள் இருக்கிற காலத்தில் இது ஒன்றுதான் என் கோடு. ஐபோனை இயக்குகிற மென்பொருளில் 2025-இல் வந்த பதிப்பான ஐஓஎஸ் 26 உங்கள் மினியிலும் ஓடும். அதில் கைவிடப்பட்டவை 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்கள், அதாவது ஏழு வருஷம். 2015-இல் வந்த 6எஸ் 2022-இல் கைவிடப்பட்டது, அதுவும் ஏழு. அந்தக் கணக்கே தொடர்ந்தால் 2021-இல் வந்த உங்கள் மாடலுக்கு 2028 வரை பயமில்லை. ஏஐ வசதி இதில் வராது, ரேம் போதாது. நீங்கள் அதைக் கேட்கவும் இல்லை.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சின்னதாக இருக்கிறதே என்று பழைய கேலக்ஸி எஸ்10இ-யையோ பிக்சல் 4ஏ-யையோ தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்குமே 2023-இல் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. போன் நன்றாகத்தான் வேலை செய்யும். பாட்டுக் கேட்க, படிக்க வைத்துக்கொள்ளலாம், வங்கிக் கணக்கை அதில் வைக்கவேண்டாம்.

இப்போது அளவு. கடைக்காரர் சொல்கிற இஞ்ச் மூலைக்கு மூலை அளந்தது. கைக்கு அது ஒன்றும் சொல்லாது. பழைய 4.7 இஞ்ச் ஐபோன் எஸ்இ-யின் திரை அகலம் சுமார் 58.5 மி.மீ. உங்கள் 5.4 இஞ்ச் மினியின் திரை அகலம் சுமார் 57.5. இஞ்ச் கூடியிருக்கிறது, அகலம் குறைந்திருக்கிறது. திரை நெட்டையாகிவிட்டதுதான் காரணம். கட்டைவிரல் எட்டுமா என்பதை முடிவுசெய்வது போன் உடம்பின் அகலம். மினி 64.2 மி.மீ., எஸ்இ 67.3, கேலக்ஸி எஸ்25 70.5, ஐபோன் 16இ 71.5, ஒன்பிளஸ் 13எஸ் 71.7, ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் 77.6. 'காம்பேக்ட்' என்ற பெயரில் இன்று விற்பதெல்லாம் 70-க்கும் 72-க்கும் இடையில்தான். எடையும் சேர்கிறது: மினி 141 கிராம், எஸ்25 162, 16இ 167, 13எஸ் 185.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஏடிஎம் கார்டின் குறுக்களவு 54 மி.மீ. அதைவிட உங்கள் மினி 10 மி.மீ. அகலம், 16இ ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம் அதிகம். அட்டைப்பெட்டியிலிருந்து 16இ அளவுக்கு, 147-க்கு 71.5 மி.மீ. துண்டுகள் வெட்டி, 8 மி.மீ. கனம் வரும்வரை ஒட்டுங்கள். கவர் போடுவீர்கள் என்றால் அகலத்தில் மூன்று, கனத்தில் இரண்டு மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள், கடையில் கவர் இல்லாமல் பிடித்துப் பார்த்து ஏமாறுவது இதில்தான். அட்டையை ஒரு கையில் பிடித்து, பிடியை மாற்றாமல் எதிர்ப்பக்க மேல்மூலையைக் கட்டைவிரலால் தொடுங்கள். தொடுவதற்குச் சுண்டுவிரல் அடியில் போய் முட்டுக்கொடுக்கிறது என்றால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது.

மடக்குப் போனைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். மடக்கினால் சட்டைப் பையில் அடங்கும், உண்மை. பயன்படுத்த விரித்தாகவேண்டுமே, விரித்தால் கேலக்ஸி இசட் ஃபிளிப்6-இன் நீளம் 165 மி.மீ., அகலம் 71.9. பஸ் கம்பிக்கு உதவாது.

உங்கள் மகன் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. எழுத்தை இரண்டு படி பெரிதாக்கினால் மினியில் ஒரு திரைக்கு நாலைந்து வரி வாட்ஸப்தான் தெரியும். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. தமிழ்99 விசைப்பலகையில் மேல்வரிசைக்கு 12 எழுத்து. 57.5 மி.மீ.-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு விசைக்கு 4.8 மி.மீ. வருகிறது, ள தட்டப்போய் ற விழும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவைக்கிற அஞ்சல் முறையில் வரிசைக்குப் பத்துதான், விசை 5.7 மி.மீ. ஆகிறது. மினியோடு வாழ்வதென்றால் அஞ்சலுக்கு மாறுங்கள், அல்லது குரலில் சொல்லித் தட்டுங்கள். நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனிலேயே படிக்கிறவராக இருந்தால் மகன் சொல்வதுதான் சரி. வாங்குகிற பெரிய போனில், ஆக்சஸிபிலிட்டிக்குள் டச் போய் 'ரீச்சபிலிட்டி'யைப் போட்டுக்கொள்ளுங்கள். அடி ஓரத்தில் கீழே இழுத்தால் திரையின் மேல்பாதி இறங்கிவரும். சாம்சங்கில் இதற்குப் பதில் ஒன்-ஹேண்டட் மோட் இருக்கிறது, அது திரை முழுவதையும் சுருக்கிக் கைக்கு எட்டவைக்கும்.

எப்போது மாற்றினாலும் பழையதை அன்றைக்கே கடையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். யுபிஐ, வங்கி ஆப்கள் புதுப் போனில் சிம் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பித் திரும்பப் பதியவேண்டும். ஓடிபி உருவாக்குகிற ஆப் இருந்தால் பழைய போன் கையில் இருக்கும்போதே மாற்றியாகவேண்டும். இரண்டு நாள் இரண்டையும் வைத்திருந்து, பிறகு ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துக் கொடுங்கள்.

கடைசியாக, பீரோவில் இன்னொரு மினி. எனக்குச் சம்மதமில்லை. போனைப் பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரிக்கு வயதாகும், 2028 அந்தப் போனுக்கும் அதே 2028-தான். ஆசை விடவில்லை என்றால், வாங்குமுன் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அடித்து, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண், இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்று பதில் வரும். பார்ட்ஸ் ஹிஸ்டரியையும் பாருங்கள். பழைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கை உங்கள் கண்முன் நீக்கவேண்டும். எடுத்து வைக்கும்போது முழுச் சார்ஜும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். பாதி சார்ஜில் அணைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். 32 டிகிரிக்குக் குறைவான இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். மாடி அறைப் பீரோ என்றால் அதுவும் நடக்காது, கீழே நெல் வைத்திருந்த உள்ளறை ஏதாவது இருந்தால் பாருங்கள்.