வேலை தருகிறவருக்கு ஏன் டெபாசிட் கட்ட வேண்டும்?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது வருடமாக இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். எம்.எஸ்சி., பி.எட். படித்திருக்கிறேன். இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன், அதாவது நிறுவனங்களுக்குப் பயிற்சிப் பாடங்களை வடிவமைக்கும் வேலையை வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸாகச் செய்யலாம் என்று தோழி சொன்னாள். மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். மூன்று மாதக் கோர்ஸுக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். சான்றிதழோடு முதல் இரண்டு புராஜெக்டும் அவர்களே தருவார்களாம்; அதற்குத் தனியாக 5,000 ரூபாய் டெபாசிட். நகையை அடகு வைத்தால்தான் கட்ட முடியும். சேரலாமா? சான்றிதழ் இல்லாமல் யாராவது வேலை கொடுப்பார்களா?

பதில்: நகையை வைக்காதீர்கள் டீச்சர். மற்றதை அப்புறம் பேசலாம்.

பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதுவரை ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “நீங்கள் செய்ததைக் காட்டுங்கள்.” கையில் மூன்று நல்ல மாதிரிகள் இருந்தால் பேச்சு நகரும். இல்லையென்றால் எத்தனை சான்றிதழ் மாட்டி வைத்தாலும் நகராது.

அந்த 60,000 ரூபாய்க்கு என்ன சொல்லித்தருவார்கள்? கற்றல் இலக்குகளைப் படிப்படியாகப் பிரிக்கிற ப்ளூமின் வகைப்பாடு. 1956-இல் வந்தது, பி.எட்.டில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு பாடக்குறிப்பிலும் இருக்கிறது. அடுத்தது, ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறை, மதிப்பீடு என்று ஐந்து கட்டம். 1975-இல் அமெரிக்க ராணுவப் பயிற்சிக்காக ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. ஒரு நாள் உட்கார்ந்து படித்தால் பிடிபட்டுவிடும். மீதி மென்பொருள் பழக்கம். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். முந்தைய வருடத்துப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுத வைத்து பி.எட். பட்டம் கொடுத்து அனுப்புகிறோம். தான் படித்தது இன்னது என்றே தெரியாமல் வெளியே வருகிற ஆசிரியருக்கு, அதே சரக்கை வேறு பெயரில் இன்னொருவர் விற்கிறார்.

உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது ஒன்றே ஒன்று. பள்ளியில் ‘போர்ஷன் முடிந்ததா’ என்று கேட்பார்கள். இங்கே, பயிற்சி முடித்த ஆள் மறுநாள் வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். நிறுவனத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் எண்பது ஸ்லைடு அனுப்புவார். அதில் வேலைக்குத் தேவையான பன்னிரண்டை எடுத்துக்கொண்டு, மீதியை ஏன் விட்டீர்கள் என்று அவரிடமே மரியாதையாகச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் பத்தாம் வகுப்பைக் கட்டி மேய்த்தவருக்கு அது வரும்.

மாதிரிக்கு விஷயம் தேடி எங்கும் போக வேண்டாம். உங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்குக் காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். கறந்த சூடு ஆறாத பாலில், அடர்த்தியை அளக்கிற லாக்டோமீட்டரை விட்டால் அளவு குறைத்துத்தான் காட்டும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அது தெரியாவிட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத அம்மாவின் மேல் பழி விழும். அடர்த்தியும் வெப்பமும் உங்கள் பாடம். ஆறே திரையில் ஒரு மாட்யூல், அதாவது கணினியில் படிக்கிற ஒரு சிறு பாடம் எழுதுங்கள். முதல் திரையில் வரையறை வேண்டாம். கேனோடு நிற்கும் அந்த அம்மாவைக் காட்டுங்கள். அளவு குறைவாக இருக்கிறது, இப்போது என்ன செய்வாய் என்று பயிற்சி பெறுகிறவரிடம் கேளுங்கள். பாலைத் திருப்பி அனுப்புவதா, வெப்பநிலையைப் பார்ப்பதா, நுரை அடங்கும்வரை பொறுப்பதா? அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதனால் என்ன ஆகும் என்பதை அடுத்த திரை காட்ட வேண்டும். இதைத்தான் நாங்கள் ஸ்டோரிபோர்டாக எழுதுகிறோம்: ஒரு கட்டத்தில் திரையில் தெரிவது, அடுத்ததில் குரல், மூன்றாவதில் கற்பவர் செய்ய வேண்டியது. சாதாரண வேர்டு அட்டவணை போதும். முதலில் தமிழில் யோசித்து எழுதிவிட்டு, பிறகு ஆங்கிலத்திலும் செய்யுங்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, வெளிநாடு.

இரண்டாவது மாதிரி, நீளமான ஒரு விதிமுறைத் தாளைச் சுவரில் ஒட்டுகிற ஒரு பக்கமாகச் சுருக்குவது. மூன்றாவது, இரண்டு நிமிடத் திரைப்பதிவு வீடியோ. பாடத்தை இணையத்தில் நடத்த மூடுல், கற்பவர் செய்து பார்க்கிற பயிற்சிகளுக்கு எச்5பி, திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ். மூன்று மென்பொருளும் இலவசம்; ஆரம்பத்துக்கு இவை தாராளம்.

இப்போது அந்த 5,000 ரூபாய் டெபாசிட். இந்தத் தொழிலில் வேலை தருகிறவர்தான் அட்வான்ஸ் கொடுப்பார். வேலை செய்கிறவரிடம் டெபாசிட், பதிவுக் கட்டணம், ‘ஐடி ஆக்டிவேஷன்’ என்று எதைச் சொல்லிக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. ‘வீட்டிலிருந்தே கன்டென்ட் வேலை’ என்று நூற்றுக்கணக்கான படிவங்களை நிரப்பச் சொல்வார்கள். ஆன்லைனில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வேலையை முடித்துக் கொடுத்ததும், பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்பார்கள். வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். கோர்ட், கைது என்று போனில் மிரட்டுவார்கள். வீட்டில் சொல்லவே பயந்து பணம் கட்டிய பெண்களை எனக்குத் தெரியும். தட்டச்சில் பிழை விட்டதற்கு யாரும் யாரையும் கைது செய்ய முடியாது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

இன்னொரு வகை, நடுவில் நிற்கிறவர்கள். நிறுவனம் ஒருவரிடம் கொடுக்கும், அவர் இன்னொருவரிடம் தள்ளுவார், உங்களிடம் வரும்போது நான்காவது கை. வேலை முழுவதும் உங்களுடையது. பெயரும் பெரும்பங்குப் பணமும் மேலே நின்றுவிடும். என் முதல் பெரிய வேலையே அப்படிப் போனதுதான். எழுத்தில் எதுவும் இல்லாமல் பதினொரு மாட்யூல் முடித்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்று ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து என் வழக்கம் இது: தொடங்கும்போது 30 சதவீதம், ஸ்டோரிபோர்டு ஒப்புதலானதும் 40, முடித்ததும் 30. திருத்தம் இரண்டு சுற்று மட்டும். இதை ஒரு மின்னஞ்சலில் எழுதி, ‘சரி’ என்று பதில் வந்த பிறகுதான் கை வைப்பேன். இலவச ‘டெஸ்ட்’ கேட்டால் இரண்டு திரை வரை செய்யலாம். முழு மாட்யூலைக் கேட்டால் அது டெஸ்ட் இல்லை, வேலை.

பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம் உண்டு: கணினிப் பாடம் உருவாக்கும் மென்பொருளான ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன். சில வாடிக்கையாளர்கள் அதில்தான் வேண்டும் என்பார்கள், மூலக் கோப்பையும் கேட்பார்கள். ஆண்டுச் சந்தா ஆயிரம் டாலருக்கு மேல். எனவே அவசரம் வேண்டாம். முதலில், உங்கள் லைசென்ஸில் எனக்கு ஓர் இடம் தர முடியுமா என்று வாடிக்கையாளரிடமே கேளுங்கள்; பெரிய நிறுவனங்கள் தருவதுண்டு. இல்லை என்றால் 30 நாள் இலவசச் சோதனை இருக்கிறது. ஆனால் பழகிப் பார்க்கலாம் என்று இன்றே அதைத் திறந்துவிடாதீர்கள், முப்பது நாளும் வீணாக ஓடிவிடும். ஸ்டோரிபோர்டு ஒப்புதலான அன்று திறங்கள். அவர்கள் பழைய பதிப்பு வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், புதியதில் செய்த கோப்பு பழையதில் திறக்காது. விண்டோஸ் கணினி வேண்டும். சந்தா கட்டியே ஆக வேண்டும் என்றால் அதை விலையில் தனி வரியாகப் போட்டு, அட்வான்ஸ் வந்த பிறகு கட்டுங்கள். திருட்டுப் பிரதி போட்டுத் தருகிறேன் என்பவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

ஜிஎஸ்டி எடுத்தால்தான் பில் போட முடியும் என்றும் யாராவது வருவார்கள். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை அதற்கு அவசியமில்லை. ஆனால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவை முதல் மாதமே செய்துவிடுங்கள். ஆதாரும் பானும் போதும், அரசுக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கிற இணையதளம் அரசுடையது இல்லை. பதிவு பெற்ற குறுந்தொழிலிடம் வேலை வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியும் சேரும். சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் தொண்ணூறு நாள் கழித்து வாருங்கள் என்று கூசாமல் சொல்கிற கணக்குப் பிரிவுகள் இருக்கின்றன. அதனால் உதயம் எண்ணை இன்வாய்ஸிலேயே அச்சடித்து அனுப்புங்கள். அது கண்ணில் பட்டாலே பல இடங்களில் பில் மேலே ஏறும்.

பள்ளி வேலையை இப்போதே விட வேண்டாம். பணம் முழுதாகக் கைக்கு வந்த இரண்டு வேலையாவது முடியட்டும். ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: உங்கள் அசல் சான்றிதழ்களைப் பள்ளி வாங்கி வைத்திருக்கிறதா? அப்படியானால் ராஜினாமா பேச்சை எடுப்பதற்கு முன்னால், வங்கிக்கு வேண்டும் என்றோ மேல்படிப்புக்கு என்றோ காரணம் சொல்லி அவற்றைக் கையில் வாங்கிவிடுங்கள்.