அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கொல்லிமலை ஏறலாமா?

கேள்வி: ஊர் கரூர், வயது 27. என்னுடையது 125 சிசி பைக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 58 வயது அம்மாவைக் கொல்லிமலைக்குக் கூட்டிப்போய் அன்றே திரும்ப ஆசை. அம்மா புடவைதான் கட்டுவார், ஒருபக்கமாகத்தான் உட்காருவார். மலையில் 70 கொண்டை ஊசி வளைவாமே, வண்டி தாங்குமா?

பதில்: வண்டி தாங்கும். யோசிக்க வேண்டியது அம்மா உட்காரும் விதத்தைத்தான்.

ஒருபக்கமாக உட்கார்ந்தால் அவர் எடை முழுக்க இடப்பக்கம் சாயும். அதைச் சரிக்கட்ட நீங்கள் அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவீர்கள். நேர்ச்சாலையில் இது பழகிவிடும். இறங்கும்போது பிரேக் பிடித்தால் அவர் உடல் முன்னே சரியும். இருபக்கமும் கால் போட்டவருக்குத் தொடை சீட்டைப் பிடிக்கும், புட்ரெஸ்ட் எடையை வாங்கும். ஒருபக்கமாக உட்கார்ந்தவருக்கு உங்கள் தோள்தான் பிடி. அதைப் பிடித்து இழுத்தால் ஹேண்டிலும் சேர்ந்து ஆடும். அதனால் அன்று ஒருநாள் சுடிதார் போடச் சொல்லுங்கள், துப்பட்டா வேண்டாம். ஒரு கை பின்கம்பியில், ஒரு கை உங்கள் இடுப்பில். புடவைதான் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால் நாமக்கல் கோட்டை, ஆஞ்சநேயர் கோயிலோடு திரும்பிவிடுங்கள். சாரி கார்டு துணி சக்கரத்தில் சிக்காமல் காக்கும், ஆளைப் பிடித்து வைக்காது.

ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும், தலைக்குச் சரியான அளவாக இருக்கட்டும். பலர் கவனிக்காதது கொண்டை. அது ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து தள்ளி முன்விளிம்பைக் கண்மேல் இறக்கிவிடும். தாழப் பின்னிய சடை போதும். பூவை மலையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

வண்டியில் முதலில் பின்டயர். காற்று தனியாளுக்கு ஓர் அளவு, இருவருக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கும். செயின் கவர் பக்கத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ பாருங்கள். காற்றை வீட்டருகே, டயர் சூடாகும் முன் பிடிக்க வேண்டும். நாமக்கல் போய்ப் பிடித்தால் சூட்டில் அளவு கூடிக் காட்டும், நீங்கள் குறைவாக அடித்துவிடுவீர்கள். பின் ஷாக் அப்சார்பரை ஒன்றிரண்டு படி இறுக்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில். செயினை ஆள் ஏறாத வண்டியில் சோதியுங்கள்: நடுவில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் பல வண்டிகளுக்குப் பொருந்தும், உங்கள் கையேட்டில் உள்ளதே முடிவு. மெக்கானிக் 'நல்லா டைட் வச்சிட்டேன்' என்றால் சந்தோஷப்படாதீர்கள். இருவர் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் அந்தச் செயின் இன்னும் விறைத்து ஸ்ப்ராக்கெட்டையும் பேரிங்கையும் தின்னும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஏன் என்பது இறக்கத்தில் தெரியும்.

போக வர ஏறத்தாழ 200 கி.மீ. கரூரிலேயே டேங்க் நிரப்பி ஆறு மணிக்குக் கிளம்புங்கள். நாமக்கல்லில் ஓர் இறங்கல், சேந்தமங்கலம் தாண்டி அடிவாரமான காரவள்ளியில் இன்னொன்று. அம்மா ஐந்து நிமிடம் நடக்கட்டும். காலையில் இரண்டு இட்லி போதும். வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரை பலருக்குத் தூக்கம் தரும், பைக்கில் அது கூடாது. அதற்குப் பதில் உங்கள் தோளுக்கு மேலாக அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

ஏற்றத்தில் வளைவுக்கு முன்பே கியர் இறக்குங்கள். இடது வளைவு நமக்கு உள்பக்கம், அங்கேதான் செங்குத்து அதிகம். கொஞ்சம் அகலமாக நுழைந்து முதல் கியரிலேயே திரும்புங்கள். பாதி கிளட்ச் பிடித்து உறுமினால் கிளட்ச் பிளேட் கருகும். வளைவில் பஸ் வந்தால் அதற்கு முழுச்சாலையும் வேண்டும். நீங்கள் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள்.

மேலே ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். இறங்கி ஏறிய முட்டியோடு பின்சீட்டில் உட்காருவது தண்டனை. அறப்பளீசுவரர் கோயில், மாசிலா அருவி, சீக்குப்பாறை காட்சிமுனை போதும். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். அந்த நாட்களில் மலைச்சாலை வண்டிகளால் நிறைந்துவிடும், தவிர்த்துவிடுங்கள். மலைமேல் உள்ள சோளக்காடு என்ற ஊரில் மிளகு வாங்கலாம். பலாப்பழத்தை மடியில் வைத்து இறங்கும் யோசனை மட்டும் வேண்டாம். ஹேண்டிலில் பையும் தொங்கக் கூடாது.

மாலையில் மூடுபனி இறங்கும், மழைமாதங்களில் சொல்லவே வேண்டாம். மூன்று மணிக்கே இறங்கத் தொடங்குங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் இன்ஜின் இழுத்துப் பிடிக்காது, இருவர் எடையும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியபடி வராமல், வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். டிரம் சூடானால் விரிந்து, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும். டிஸ்க் பக்கம், ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் சீக்கிரம் கொதித்துக் குமிழி கட்டும்; லீவர் பஞ்சு போல அமுங்கும். பெடலோ லீவரோ இப்படி மாறினால், கருகல் வாடை வந்தால், அகலமான இடத்தில் நிறுத்தி அம்மாவை இறக்கிவிட்டு இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் டிஸ்க் வளைந்துவிடும். ஆறிய பிறகும் லீவர் விறைப்பாகத் திரும்பவில்லை என்றால் அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.