தூக்கம் போனதற்குக் காரணம் வகுப்பறையிலும் இருக்கலாம்

கேள்வி: என் மகள் டர்பனில் பல்கலைக்கழக முதலாண்டு படிக்கிறாள். மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில், கணக்கில் டிஸ்டிங்ஷன் வாங்கியவள், புள்ளியியல் டெஸ்டில் 60க்கு 23 எடுத்திருக்கிறாள். ராத்திரி தூங்குவதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக்கூட வர மறுக்கிறாள். “லெக்சரர் ஸ்லைடை ஓட்டிக்கொண்டே போகிறார், ஒன்றும் புரியவில்லை” என்கிறாள். கவுன்சிலரிடம் அனுப்பவா, படிப்பையே நிறுத்திவிடவா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: நிறுத்தும் பேச்சு இப்போது வேண்டாம், அம்மா. கவுன்சிலரைப் பார்க்கட்டும், பல்கலைக்கழகத்திலேயே அந்த வசதி இருக்கும். “வாழவே பிடிக்கவில்லை” என்ற மாதிரி ஏதாவது சொன்னால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றே மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவும் சடாக் அமைப்பின் 0800 567 567 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஆனால் கவுன்சிலரோடு விஷயம் முடிந்துவிடாது. பிள்ளை சோர்ந்தால் பிள்ளையை மட்டும் சரிசெய்யப் பார்க்கிறோம். பாடம் நடத்தும் விதமும் மனத்தைப் பாதிக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் மனநலத்துக்கு மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: சுயமாகச் செயல்படுகிறோம் என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற நம்பிக்கை, நம்மை மதிக்கும் மனிதர்கள். பெயர்கூடத் தெரியாத பெரிய வகுப்பில், கேள்வி கேட்க இடமில்லாமல் ஸ்லைடு ஓடினால் இந்த மூன்றுமே அடிபடும்.

மகளின் விடைத்தாளை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். உதாரணத்துக்கு, திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டிய இடத்தில் மாறுபாட்டால் வகுத்திருக்கிறாள் என்று வையுங்கள். மாறுபாட்டின் வர்க்கமூலம்தான் திட்ட விலக்கம். சூத்திரம் சரி, முறையும் சரி, வர்க்கமூலம் எடுக்க விட்டுவிட்டாள், அவ்வளவுதான். ஓரத்தில் “வர்க்கமூலம் எங்கே?” என்று திருத்தியவர் எழுதியிருந்தால் அன்றைக்கே திருத்திக்கொள்வாள். வெறும் சிவப்புக் கோடு மட்டும் இருந்தால் “எனக்குக் கணக்கே வராது” என்று முடிவுகட்டிவிடுவாள். நல்ல கற்பித்தலுக்கும் மோசமான கற்பித்தலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பேன்.

அதனால் அந்த ஒரு வரியை அவளே போய்க் கேட்கட்டும். லெக்சரரின் கன்சல்டேஷன் நேரத்துக்குப் போய் “புரியவில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், விடைத்தாளை நீட்டி “இந்த மூன்றாவது வரியில் எங்கே பிசகினேன்?” என்று கேட்க வேண்டும். குறிப்பான கேள்விக்குக் குறிப்பான பதில் வரும். டுடோரியலைத் தவறவிடக் கூடாது. கூட்டம் குறைவு, டியூட்டருக்கு முகம் தெரியும், தோழிகளும் அங்கேதான் கிடைப்பார்கள். தவிர, பல பாடங்களில் வருகை குறைந்தால் டி.பி. என்ற பரீட்சைத் தகுதி கிடைக்காது, பரீட்சையே எழுத முடியாது.

வேகத்தைப் பற்றிய குறையை வகுப்புப் பிரதிநிதி மூலம் இப்போதே சொல்லச் சொல்லுங்கள். பாடம் முடியும்போது தரும் மதிப்பீட்டுப் படிவத்தால் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்குத்தான் பலன். “மெதுவாக நடத்துங்கள்” என்பதைவிட “ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கணக்கைப் போர்டில் முழுசாகப் போட்டுக் காட்டுங்கள்” என்ற வேண்டுகோளை ஏற்பது எளிது. நீங்கள் ஃபோன் செய்து கேட்காதீர்கள். 18 வயது நிரம்பியவரின் விவரங்களை, அவர் சம்மதமில்லாமல் பெற்றோரிடம் சொல்ல தனிநபர் தகவலைக் காக்கும் பொப்பியா சட்டம் தடையாக நிற்கும்.

வீட்டில் ஒன்று செய்யலாம். பெரியம்மா மகன் மூன்றே வருஷத்தில் முடித்தான் என்ற பேச்சை நிறுத்துங்கள். வகுப்புக்கு நேரில் போய்ப் படிக்கும் பல்கலைக்கழகங்களில் நாலில் ஒருவர்தான் உரிய காலத்தில் பட்டம் முடிக்கிறார் என்று தென்னாப்பிரிக்க உயர்கல்வி மன்றமே 2013இல் எழுதியது. மூன்று வருஷப் பட்டத்தை நாலு வருஷமாக்கலாம் என்றும் அப்போது பரிந்துரைத்தது. இத்தனை பிள்ளைகள் தாமதமாகும்போது அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

இவ்வளவுக்குப் பிறகும் சுமை தாங்கவில்லை என்றால், முழுப் படிப்பையும் விடாமல் ஒரு பாடத்தை மட்டும் விலக்கிக்கொள்ளலாம். அதற்குக் கடைசித் தேதி எது, கட்டணம் திரும்புமா, என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவி வாங்கினால் அது பாதிக்குமா என்ற மூன்றையும் கையெழுத்துப் போடும் முன் துறை அலுவலகத்தில் அவள் கேட்டுவிட வேண்டும்.